கழிமுகத்தருகே தொழிற்சாலை வந்தால்: கொட்டியாரக்குடாவை வைத்து ஒரு மதிப்பீட்டு வழிகாட்டி

திருகோணமலை மாவட்டத்தின் கொட்டியாரக்குடாவைச் சுற்றி ஏதோ பெரிய திட்டம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டால் நம் ஆட்கள் முதலில் கேட்பது "எந்தக் காணி?" என்பதுதான். யாருடைய காணி, எத்தனை ஏக்கர், உறுதி இருக்கிறதா, அரச காணியா என்று பேச்சு போகும். யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கண்ட மாவட்டத்தில் அந்தக் கேள்வி முந்திக்கொண்டு வருவது நியாயம். ஆனால் கழிமுகத்துக்கு என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமென்றால் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்தக் காணிக்குள் எந்தத் தண்ணீர் வருகிறது, அங்கிருந்து எந்தத் தண்ணீர் வெளியே போகிறது, எந்த மாதத்தில்? இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போவதுதான்.

கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், ஆசிரியர்கள், ஊர்ச் செய்தி எழுதுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. ஒரு கொப்பி, ஒரு தோணி, திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போகும் பொறுமை, இவை போதும்.

முதலில் இடத்தை விளங்கிக்கொள்ளுங்கள்

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக்குடாவில் விழுகிறது. அதன் ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிந்து தெற்கே கடலைச் சேர்கிறது. மேற்குப் பக்கம் தம்பலகாமம் குடா. ஆழம் குறைந்த, மூன்று பக்கமும் அடைபட்ட நீர். கிண்ணியாப் பக்கமாக உள்ள ஒடுங்கிய வாயால்தான் வெளிக் குடாவோடு தொடர்பு. வெளிக் குடாவோ நேர்மாறு. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே கடலடி சடாரென்று இறங்கி ஒரு பெரும் கடலடிப் பள்ளத்தாக்காகிறது. திருகோணமலை உலகின் மிக நல்ல இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றாக இருப்பதற்கும், நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதற்கும் அந்த ஆழம் ஒரு காரணம்.

இந்த வேறுபாட்டை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், "குடா மிக ஆழமானது, கழிவு கலந்து கரைந்துவிடும்" என்ற வாதம் ஏதோ ஒரு வடிவத்தில் உங்கள் முன்னால் வரும். வெளிக் குடாவுக்கு அதில் ஓரளவு உண்மை உண்டு. தம்பலகாமம் குடாவுக்கும் ஆற்று வாய்க்கும் அது பொருந்தாது. நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதாவது கடல் உள்ளே வந்து கழுவிக்கொண்டு போகும் வேலை இங்கே பலவீனமானது. கழுவுவது பெரும்பாலும் ஆறுதான். ஆறு எல்லா மாதமும் ஒரே மாதிரி வருவதில்லை. நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழையில் செந்நீர் பெருகி வரும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது நீர் இறங்கி, உப்பு ஆற்றுக்குள் ஏறும்.

ஆறும் பழைய ஆறு இல்லை. 1976இல் பொல்கொல்லைத் திசைதிருப்பல், 1980களில் விக்டோரியா, ரந்தெனிகல, 2018இல் மொரகஹகந்த என்று மேலே தண்ணீரைப் பிடித்து வைத்துத் திறக்கும் ஏற்பாடுகள் வந்துவிட்டன. கீழே மணல் அகழ்வு ஆற்றுப் படுக்கையைத் தாழ்த்துகிறது; படுக்கை தாழ்ந்தால் உப்பு இன்னும் மேலே ஏறும். புதிதாக வரும் தொழிற்சாலை ஏற்கெனவே சுமை ஏறிய ஒரு கழிமுகத்தின் மேல்தான் வந்து உட்காருகிறது. இதை மறக்காமல் வைத்திருங்கள். அறிக்கைகள் இதை மறந்துவிடுவதுண்டு.

வரைபடத்தில் சட்டக் கோடுகள்

திட்டம் எங்கே வருகிறது என்று தெரிந்ததும் ஒரு வரைபடத்தை எடுத்து அதன் மேல் கோடுகளைப் போடுங்கள். எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்பதைப் பொறுத்தே எந்தத் திணைக்களத்திடம் போவது, எந்த அறிக்கையைக் கேட்பது என்பதெல்லாம் தீர்மானமாகும்.

முதல் கோடு கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்க கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், தாழ் நீர்மட்டத்திலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர். கடலோடு தொடர்புள்ள ஆறு, களப்பு என்றால் வாயிலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரை வலயம் நீளும். இதற்குள் முழுவதாக விழும் திட்டத்தை கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களம் பார்க்கும். வலயத்துக்கு வெளியே, அல்லது பாதி உள்ளே பாதி வெளியே என்றால் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் வரும். அதை மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, அளவு. 1993 ஜூன் 24ஆம் திகதிய 772/22ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி எந்தெந்தத் திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீடு கட்டாயம் என்று பட்டியல் போடுகிறது. 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலத்தை நிரப்புதல், 10 ஹெக்டேயருக்கு மேற்பட்ட கைத்தொழில் பேட்டை, 25 மெகாவாற்றுக்கு மேற்பட்ட அனல் மின் நிலையம், 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நீர்வாழ் உயிரினப் பண்ணை எல்லாம் அதில் உண்டு. "எங்கள் திட்டம் மூன்றரை ஹெக்டேயர்தானே" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அதே வர்த்தமானியின் மூன்றாம் பகுதி இடத்தைப் பார்க்கிறது. சரணாலயத்துக்குள் அல்லது அதன் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள், அல்லது 25 மீற்றருக்கு மேல் அகலமுள்ள பொது நீரோடையின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் வந்தால், முதல் பகுதியில் உள்ள திட்டங்களுக்கு அளவு விலக்கே கிடையாது. மகாவலியின் கீழ்ப் பகுதியில் 25 மீற்றர் அகலத்தைக் காட்டுவது ஒரு கஷ்டமான காரியம் இல்லை. ஒரு திட்டத்தை மூன்று துண்டாக உடைத்துத் தனித்தனியாகக் காட்டுகிறார்களா என்பதையும் இந்த இடத்திலேயே பாருங்கள்.

மூன்றாவது, வனஜீவராசிகள் கோடு. நம் மாவட்டத்தில் புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. கொக்கிளாய் களப்பு 1951 முதல் சரணாலயம். சேருவில அல்லை 1970இல் சரணாலயமானது. துறைமுகத்துக்குள் உள்ள சோபர் தீவுகளும் சரணாலயங்கள். தேசிய பூங்கா போன்ற தேசிய ஒதுக்கின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனஜீவராசிகள் பாதுகாப்புப் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். சரணாலயத்துக்கு அந்த ஒரு மைல் விதி பொருந்தாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து மனு எழுதுகிறவர்கள் பலர். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது வசதி. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கொட்டியாரக்குடாவின் பெரும்பகுதி இந்த எந்தக் கோட்டுக்குள்ளும் இல்லை. பாதுகாக்கப்பட்ட இடம் ஒரு துண்டாக இருக்கும், அதை உயிரோடு வைத்திருக்கும் தண்ணீர் நாலு பக்கமும் கோட்டுக்கு வெளியே இருந்து வரும். ஆகவே எல்லைக்கு வெளியேதான் திட்டம் வருகிறது, பாதிப்பு இல்லை என்ற வரியை அறிக்கையில் கண்டால், எந்த நீரோட்டத்தைப் பார்த்து அப்படி முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள்.

திட்டத்தை அதன் வெளியேற்றங்களாகப் பிரித்தல்

தொழிற்சாலை என்று பொதுவாக நினைத்தால் பயம் வரும் அல்லது நம்பிக்கை வரும், மதிப்பீடு வராது. ஒவ்வொரு திட்டத்தையும் அது வெளியே விடுவதாகவும் உள்ளே எடுப்பதாகவும் பிரித்து எழுதுங்கள். எத்தனை கன மீற்றர் தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறது? கழிவுநீர் எவ்வளவு, என்ன சூட்டில், எந்த இடத்தில் விடுகிறது? மழைநீர் முற்றத்தைக் கழுவிக்கொண்டு எந்தக் கானுக்குள் போகிறது? கப்பல் வர ஆழப்படுத்துவார்களா, தோண்டிய சேற்றை எங்கே கொட்டுவார்கள்? நிலத்தை உயர்த்த மண் எங்கிருந்து வரும்? இரவில் வெளிச்சம் எந்தப் பக்கம் விழும்?

இதில் அநேகர் தடுமாறும் இடம் செறிவும் (ஒரு லீற்றரில் எவ்வளவு) சுமையும் (மொத்தத்தில் எவ்வளவு). தேசிய நியமப்படி உள்நாட்டு மேற்பரப்பு நீருக்குள் விடும் கழிவுநீரில் உயிரியல் ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு தொழிற்சாலை நாளுக்கு 1,000 கன மீற்றர் விடுகிறது, நியமத்தைச் சரியாகக் கடைப்பிடிக்கிறது என்று வையுங்கள். லீற்றருக்கு 30 மில்லிகிராம் என்றால் கன மீற்றருக்கு 30 கிராம். 1,000 கன மீற்றருக்கு 30 கிலோ. அதாவது நாள்தோறும் 30 கிலோ ஒட்சிசனைத் தண்ணீரிலிருந்து உறிஞ்சக்கூடிய கழிவு இறங்குகிறது. சட்டம் மீறப்படவில்லை. மார்கழி வெள்ளத்தில் அது பெரிய விஷயமும் இல்லை. ஆவணியில், ஆறு வற்றி, கச்சானில் தண்ணீர் சூடேறி நிற்கும்போது அதே 30 கிலோ வேறு கதை. 30 பாகை வெப்பத்தில் கடல்நீர் தன்னுள் வைத்திருக்கக்கூடிய ஒட்சிசனே லீற்றருக்கு ஏறக்குறைய 6 மில்லிகிராம்தான். அது 2க்குக் கீழே இறங்கினால் மீன் ஒதுங்கும், ஒதுங்க முடியாத மட்டி சாகும். பக்கத்தில் இன்னும் மூன்று தொழிற்சாலை வந்து ஒவ்வொன்றும் நியமத்துக்குள் நின்றால் சுமை 120 கிலோ. எந்த ஒரு நிறுவனத்தின் அறிக்கையிலும் அந்த 120 இருக்காது. கூட்டிப் பார்ப்பது நம் வேலை.

சூட்டு நீரும் இப்படித்தான். 2006இல் இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்டிபிசியும் இலங்கை மின்சார சபையும் கொட்டியாரக்குடாக் கரையிலுள்ள சம்பூரில் 500 மெகாவாற்று நிலக்கரி மின் நிலையத்துக்கு உடன்பாடு செய்தபோது, நிலக்கரிச் சாம்பலோடு குளிரூட்டும் நீரும் பெரிய கவலையாக இருந்தது. கடற்புல், பவளம், மீன் குஞ்சு எல்லாம் ஏற்கெனவே தாங்கக்கூடிய வெப்பத்தின் மேல் விளிம்பில் வாழ்கின்றன. சராசரி வெப்பம் எவ்வளவு கூடும் என்பதைவிட, வருடத்தின் மிகச் சூடான வாரத்தில் எவ்வளவு கூடும் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இயந்திரம் வருமுன் ஆரம்ப நிலையைப் பதிந்து வையுங்கள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாதிப்பு நடந்த பிறகு "முன்பு இப்படி இருக்கவில்லை" என்று சொன்னால் அது எடுபடாது. முன்பு எப்படி இருந்தது என்பதற்குத் திகதியோடு எழுத்து வேண்டும்.

ஐந்து ஆறு இடங்களைத் தெரிவு செய்யுங்கள். திட்டத்தின் கழிவு வாய் வரப்போகும் இடம், அதற்கு மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் இரண்டு, பாதிப்பு எட்டாத தூரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று. கையடக்கத் தொலைபேசியில் ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாதம் ஒரு தடவை அதே புள்ளிகளுக்கு, கூடுமானவரை அதே நேரத்துக்குப் போங்கள். ஒரு பருவமழையும் ஒரு கச்சானும் உள்ளடங்க வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டால் கழிமுகத்தின் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள்.

அளக்க வேண்டியவை குறைவு. உப்புத்தன்மைக்கு இறால் பண்ணைக்காரர் பாவிக்கும் ரிஃப்ராக்டோமீற்றர் போதும். கண்ணாடியில் ஒரு துளி விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். கோடு நிற்கும் எண்தான் உப்பு. திறந்த கடலில் 35 அளவில் நிற்கும், மழைக்கால ஆற்றில் பூச்சியத்தை ஒட்டி வரும். மேல் நீரை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். நன்னீர் இலேசானது, மேலே மிதக்கும். உப்புநீர் கனமானது, அடியில் ஆற்றுக்குள் நுழையும். மேலே 5, அடியில் 28 என்று ஒரே இடத்தில் ஒரே நிமிடத்தில் இருக்கலாம். ஒரு போத்தலில் கல்லைக் கட்டி, மூடிக்குத் தனியாக ஒரு நூல் கட்டி இறக்குங்கள். அடியைத் தொட்டதும் நூலை வெடுக்கென்று இழுத்து மூடியைக் கழற்றினால் அடிநீர் கிடைக்கும்.

கலங்கலைப் பார்க்க செக்கி வட்டு. கறுப்பும் வெள்ளையும் கால்கால் பாகமாகப் பூசிய ஒரு சாண் அகலத் தட்டைக் கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தை எழுதுவது. கடற்புல் வாழ மேற்பரப்பில் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காவது அடிக்குப் போக வேண்டும். ஆழப்படுத்தும் வேலை தொடங்கி அந்த ஆழம் பாதியாகக் குறைந்து வாரக்கணக்கில் அப்படியே நின்றால், கடற்புல் சாகப்போகிறது என்பது அது சாகுமுன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். வெப்பமானி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்சிசன் மானி விலை கூடியது. பல்கலைக்கழகத்தில் யாராவது இரவல் தந்தால் பாவியுங்கள். ஒட்சிசனை விடியுமுன் அளக்க வேண்டும். இரவு முழுக்கப் பாசியும் புல்லும் மூச்சுவிட்டுத் தீர்த்த பிறகு அது மிகக் குறைவாக இருக்கும் நேரம் அதுதான். பகல் பத்து மணிக்கு எடுத்த ஒட்சிசன் எண் எப்போதும் அழகாகவே இருக்கும்.

இப்போது மரங்கள். கழிமுகக் கரையில் கண்டல் என்று மொத்தமாகச் சொல்லும் கூட்டத்தில் கண்டல், கண்ணா, கிண்ணை, தில்லை என்று தனித்தனி இனங்கள் உண்டு. ஒவ்வொன்றும் உப்பையும் சேற்றையும் ஒவ்வொரு அளவுக்குத் தாங்கும். கண்ணா மரத்தடியில் குந்தி இருந்து பாருங்கள். சேற்றுக்கு மேலே விரல் நீளத்தில் நூற்றுக்கணக்கான வேர்கள் நிமிர்ந்து நிற்கும். காற்றில்லாத சேற்றுக்குள் புதைந்த வேர்த் தொகுதி முழுவதும் மூச்சுவிடுவது அவற்றின் வழியாகத்தான். ஒரு அடிமட்டத்தை எடுத்து, நுனி சேற்றுக்கு மேலே எத்தனை சென்ரிமீற்றர் என்று பத்து வேர்களில் அளந்து எழுதுங்கள். அடுத்த மாரி கழிந்ததும் அதே மரத்தடியில் திரும்ப அளந்து பாருங்கள். பக்கத்தில் நிலம் நிரப்பினாலோ சேறு கொட்டினாலோ அந்த எண் குறைந்துகொண்டு வரும். வேர் நுனி மூடுண்டால் மரம் மூச்சுத்திணறிச் சாகும். இலை மஞ்சளாகி உதிரும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும். வேர் அளவு அதற்கு முன்பே சொல்லிவிடும்.

தம்பலகாமம் குடாவில் இன்னொரு சாட்சியும் உண்டு. தட்டையான, ஒளி ஊடுருவும் ஓடுடைய முத்துச் சிப்பி. 1850களிலேயே கெலார்ட் என்ற இயற்கையியலாளர் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒருகாலத்தில் இங்கே அதற்காகவே முத்துக்குளிப்பு நடந்தது. சேற்றின் மேலே கிடந்து தண்ணீரை வடித்து உண்ணும் உயிர் அது. நுண்ணிய மண் கூடினால் முதலில் அடிபடுவதும் அப்படிப்பட்ட உயிர்கள்தான். உயிரோடுள்ள சிப்பி, வெற்று ஓடு இரண்டையும் ஒரு சதுர மீற்றர் சட்டத்துக்குள் எண்ணுவது ஒரு காலைப்பொழுது வேலை.

வானிலிருந்து பார்ப்பதற்கு செலவில்லை. லாண்ட்சாற் செய்மதிப் படங்கள் 1970களிலிருந்து இருக்கின்றன. சென்ரினல்-2 படங்கள் 10 மீற்றர் துல்லியத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை வருகின்றன. கண்டல் ஓரம் எங்கே பின்வாங்கியது, ஆற்று வாயில் மணல் திட்டு எப்படி நகர்ந்தது என்று வருடவாரியாக எடுத்து வைக்கலாம். 2004 டிசம்பர் சுனாமிக்கு முன்னும் பின்னும் உள்ள படங்களைக் கட்டாயம் எடுங்கள். இல்லாவிட்டால் கடல் செய்த மாற்றத்தைத் தொழிற்சாலையின் தலையிலும், தொழிற்சாலை செய்ததைக் கடலின் தலையிலும் கட்டிவிடுவார்கள்.

துறைமுகத்தைச் சுற்றிக் கடற்படைப் பகுதிகள் உண்டு. அங்கே அனுமதியில்லாமல் படம் எடுக்கவோ ட்ரோன் விடவோ வேண்டாம். போகுமுன் கிராம உத்தியோகத்தருக்கும் மீனவர் சங்கத்துக்கும் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள்.

கரையில் இருப்பவர்களின் கணக்கு

கருவி சொல்லாததை மனிதர்கள் சொல்வார்கள். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "மீன் குறைந்துவிட்டதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள், அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கிண்ணியாவில் வலை பொத்திக்கொண்டிருக்கும் காக்காவிடம் (அண்ணனிடம்) போய் "காக்கா, கச்சான் நேரம் மணலைக்கு எந்தப் பக்கம் வலை போடுவீங்க? பத்து வருசத்துக்கு முந்தி எங்க போட்டீங்க?" என்று கேளுங்கள். இடம், மாதம், மீன், வலைக் கண்ணின் அளவு என்று வரும். கொடுவாக் குஞ்சு எப்போது ஆற்றுக்குள் ஏறுகிறது, இறால் எந்த மழைக்குப் பிறகு வெளியே இறங்குகிறது என்பதெல்லாம் எந்தத் திணைக்களக் கோப்பிலும் இல்லாத தகவல். அவரிடம் வரைபடத்தைக் கொடுத்து விரலால் காட்டச் சொல்லி, அவர் முன்னாலேயே குறித்து, திகதி போடுங்கள். கரையோரம் மட்டி பொறுக்கும் பெண்களைத் தவறவிடாதீர்கள். ஆழமில்லாத நீரை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை, ஆலோசனைக் கூட்டத்துக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதும் இல்லை.

சம்பூர் இதில் ஒரு பெரிய பாடம். 2006இல் அங்கிருந்த மக்கள் இடம்பெயர்ந்து கிட்டத்தட்ட ஒரு தசாப்தம் வெளியே இருந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே போய் ஆய்வு செய்தால் என்ன தெரியும்? பற்றைக்காடு, வெறும் கரை, தோணியில்லாத கடல். "தற்போதைய பயன்பாடு இல்லை" என்று எழுதிவிடலாம், எழுதியது பொய்யும் இல்லை. ஆனால் அந்தக் கரையில் வலை காய்ந்ததும் அந்த வயலில் நெல் விளைந்ததும் கணக்கில் வராது. நம் மாவட்டத்தில் எந்த ஆரம்ப நிலைத் தரவைப் படித்தாலும் அது எந்த வருடம் எடுக்கப்பட்டது, அப்போது அங்கே யார் இருந்தார்கள் என்று பாருங்கள்.

அறிக்கையைப் படிக்கும் முறை

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் வரும். முன்னுரையிலிருந்து தொடங்கினால் களைத்துப்போவீர்கள். நான் சொல்வது இந்த ஒழுங்கு: முதலில் மாதிரி எடுத்த இடங்களின் வரைபடமும் திகதிகளும். நீர் மாதிரி எல்லாம் ஒரே வாரத்தில் எடுக்கப்பட்டிருந்தால், மேல் நீர் மட்டும் எடுக்கப்பட்டிருந்தால், கழிவு வாய்க்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் இல்லாவிட்டால், அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்று வழிகள் பற்றிய அத்தியாயம். வேறு இடம், வேறு தொழில்நுட்பம், திட்டமே இல்லாமல் விடுவது ஆகியவற்றை உண்மையில் எடைபோட்டிருக்கிறார்களா? அரைப் பக்கத்தில் முடித்திருந்தால் இடத்தை முன்பே தீர்மானித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்றாவதாகக் கூட்டு விளைவுகள்: மேலேயுள்ள அணைகள், மணல் அகழ்வு, வயல்களிலிருந்து வரும் உரம், பக்கத்துத் தொழிற்சாலைகள்.

கடைசியாகத் தணிப்பு நடவடிக்கைகள். "வெட்டும் கண்டலுக்குப் பதிலாக வேறிடத்தில் நடுவோம்" என்பது அடிக்கடி வரும் வாக்குறுதி. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அவற்றில் ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை என்று காட்டியது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் உருப்பட்டது சுமார் 200 ஹெக்டேயர். தவறான இனத்தைத் தவறான நீர்மட்டத்தில் நட்டதும், நட்டபின் பார்க்காமல் விட்டதும் முக்கிய காரணங்கள். ஆகவே நடுகைக்கு எந்த இடம், எந்த இனம், எத்தனை வருடப் பராமரிப்பு, கன்று சாய்ந்தால் யார் பொறுப்பு என்று எழுதப்படாத வாக்குறுதிக்கு மதிப்பீட்டில் பூச்சியம் போடுங்கள். தவிர்க்கக்கூடிய பாதிப்பைத் தவிர்ப்பதுதான் முதல் தணிப்பு.

முப்பது நாள்

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, வர்த்தமானியிலும் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். அன்றிலிருந்து 30 நாளுக்குள் கருத்துகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். சிறிய திட்டங்களுக்கான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனைக்கு இந்தக் கட்டாய அறிவித்தல் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு இல்லாமல் போனது. ஆனாலும் அது பொது ஆவணம்; கேட்டுப் போய்ப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. யாரும் வந்து சொல்லமாட்டார்கள் என்பதால், பிரதேச செயலகத்தில் மாதம் ஒருமுறை விசாரிக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அறிக்கை தமிழில் இல்லையென்றால் அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். ஆவணம் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். 30 நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது அது நீண்ட காலம், எனவே முன்கூட்டியே போடுவது நல்லது.

கருத்துக் கடிதத்தில் உணர்ச்சிக்கு இடம் கொடுங்கள், ஆனால் பக்க எண் இல்லாமல் ஒரு பந்தியும் எழுதாதீர்கள். "பக்கம் இத்தனையில் உப்புத்தன்மை 32 என்று உள்ளது. அது ஓகஸ்ட் மாத எண். எங்கள் பதிவில் அதே இடத்தில் டிசம்பரில் 4. டிசம்பர் நிலையில் கழிவு எங்கே பரவும் என்று கணக்கிடப்படவில்லை, கணக்கிட வேண்டும்." இப்படி எழுதினால் பதில் சொல்லாமல் விடுவது கடினம். நூறு பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைப்பதைவிட, பத்துப் பேர் பத்து வேறு கேள்விகளைக் கேட்பது பலன் தரும். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்க மறவாதீர்கள்.

பொதுமக்கள் விசாரணை நடத்தும்படியும் கேளுங்கள். நடத்துவது அங்கீகரிக்கும் நிறுவனத்தின் தீர்மானம், ஆனால் கேட்டதற்குச் சான்று இருக்க வேண்டும். அனுமதி கொடுத்துவிட்டால் நீதிமன்றம்தான் வழி. அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், வழக்கறிஞரை அந்த நேரம் தேடத் தொடங்கினால் போதாது. சம்பூர் நிலக்கரித் திட்டம் உயர் நீதிமன்றம்வரை போனது. 2016 செப்டெம்பரில் அதைக் கட்டப்போவதில்லை என்று அரச தரப்பு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ஊர் மக்களும் சுற்றாடல் அமைப்பும் சட்டத்தின் ஒவ்வொரு படியிலும் எழுத்தோடு நின்றதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அனுமதி கிடைத்த பிறகு

பலர் இங்கே கொப்பியை மூடிவிடுகிறார்கள். அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் இருக்கும்: எந்த மாதங்களில் ஆழப்படுத்தக்கூடாது, சேற்றுத் திரை எங்கே போட வேண்டும், யார் எப்போது நீரை அளக்க வேண்டும். அந்த நிபந்தனைகளின் பிரதியை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே கண்காணிக்கும் உங்கள் ஆளின் பெயரை எழுதுங்கள். தொழிற்சாலை இயங்கத் தொடங்கியதும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். அது காலாவதியாகிப் புதுப்பிக்கப்படும் ஒன்று. காலாவதித் திகதியைச் சங்கத்தின் சுவர்க் கலண்டரில் வட்டமிட்டு, அதற்கு இரண்டு மாதம் முன்பே உங்கள் பதிவுகளை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுங்கள். நிறுவனம் சமர்ப்பிக்கும் கண்காணிப்பு அறிக்கைகளையும் கேட்டு எடுங்கள். அதில் உள்ள எண்களை உங்கள் எண்களோடு, அதே புள்ளி, அதே மாதம், மேல்நீர் மேல்நீரோடு, அடிநீர் அடிநீரோடு என்று ஒப்பிடுங்கள். எண்கள் ஒத்துப்போனால் அதையும் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை ஒத்துப்போகவில்லை என்று நீங்கள் எழுதும்போது அலுவலகம் அந்தக் கடிதத்தைக் கவனமாகப் படிக்கும்.